கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டியில் இருப்பது

பீவர், யூட்டா
17 பிப்ரவரி 1993, புதன்கிழமை இரவு

பேரன்புக்குரிய லூவெல்லா அத்தைக்கு,

உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். பக்கத்து டிரெய்லர் ஹப்பர்ட் தம்பதிக்குக் கண்டிப்பாகக் காட்டாதீர்கள். தங்களுக்கு வரும் கடிதங்களையே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறவர்கள் அவர்கள். படித்து முடித்ததும் இதை எரித்துவிடுங்கள். கடைசித் தாளில் இருக்கும் வரைபடத்தை மட்டும் எரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், அது தேவைப்படும்.

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் அனைவரும் நலம். இதற்கு முந்தைய வாக்கியம் பொய். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததால் எழுதிவிட்டேன்.

நான் இதை எங்கள் மோட்டார்ஹோமின், அதாவது எங்கள் சக்கரம் வைத்த வீட்டின், கழிப்பறையில், மூடியின்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மேபெலில் (அப்பா வண்டிக்கு வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும்) தாழ்ப்பாள் உள்ள கதவு இது ஒன்றுதான். கால்களை மடக்கி வைத்திருக்கிறேன், ஏனென்றால் குளிக்கும் இடத்தில் வேறு ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அத்தை, அது ஓர் ஆமை. உங்கள் ஊர்ப் பாலைவன ஆமை.

சனிக்கிழமை காலை நாங்கள் கிளம்பும் முன் நீங்கள் காபி ஊற்றிக்கொண்டிருந்தீர்கள், நான் பாறைகளிடம் விடைபெற்று வருகிறேன் என்று சொல்லிப் போனேன், நீங்கள்கூட "பாவம், கவிதை மனசு" என்றீர்கள். கவிதை எல்லாம் ஒன்றுமில்லை. அந்தப் பாறைகளுக்கு அடியிலுள்ள வளைக்குள் ஆமை இருப்பது எனக்கு ஒரு வாரமாகத் தெரியும். அன்றைக்கு வெயில் சூடாக இருந்ததால் அது வாசல்வரை வந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பள்ளியில் ஆறு வாரம் லீவு கொடுத்ததற்குப் பதிலாக நான் திரும்பிப் போனதும் வகுப்பின் முன்னால் நின்று "என் குளிர்காலம்" என்று பேச வேண்டும். போன வருடமும் பேசினேன். எழுபது வயதுக்காரர்களுடன் சீட்டு விளையாடினேன், ஒரு முறை ஜெயித்தேன் என்று சொன்னேன். இன்றைக்கும் பஸ்ஸில் என்னைப் பார்த்தால் "பாட்டிம்மா, இடுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். இந்த வருடம் மேசைமேல் ஓர் ஆமையை வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எழுத எனக்கும் வசதியாக இருந்திருக்கும்.

தூக்கியதும் அது என்மேல் சிறுநீர் கழித்தது. சட்டை, கால்சட்டை, காலணி, எல்லாம். எனக்கு அருவருப்பாக மட்டும்தான் இருந்தது. அதைக் கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டியில் வைத்து, வண்டிக்கு அடியில் இருக்கும் சாமான் அறைக்குள் தள்ளினேன். அந்தப் பெட்டியை டிசம்பர்வரை யாரும் திறக்க மாட்டார்கள். பிறகு கிங்மனில் பெட்ரோல் போட நின்றபோது கடையில் ஒரு துண்டுப்பிரசுரம் இலவசமாக வைத்திருந்தார்கள், எடுத்துப் படித்தேன். பாலைவன ஆமையைத் தூக்காதீர்கள், பயத்தில் அது உடலில் சேமித்து வைத்த தண்ணீரை எல்லாம் விட்டுவிடும், அடுத்த மழைவரை அதற்கு இருப்பது அந்தத் தண்ணீர்தான் என்று போட்டிருந்தது. அத்தை, அதன் மொத்தத் தண்ணீரையும் நான் என் காலணியில் ஏந்திக்கொண்டு நிற்கிறேன். அதற்குக் கீழே, வீட்டுக்கு எடுத்துப் போவது சட்டப்படி குற்றம் என்றும் போட்டிருந்தது. அதைப் படித்த உடனே சொல்லியிருக்க வேண்டும். அப்பா அப்போது டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக விசிலடித்துக்கொண்டிருந்தார், நான் ஒரு ஐஸ்கிரீம் கேட்டேன், வாங்கித் தந்தார், தின்றேன்.

முதல் நாள் ஒரு சத்தமும் இல்லை. குளிரில் அது தூங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யூட்டாவுக்குள் ஏறியதும் பனி. அப்பா ஹீட்டரைப் போட்டார். தண்ணீர்க் குழாய்கள் உறையாமல் இருக்க அந்தச் சூடு சாமான் அறைக்கும் போகும். ஆமை வசந்தகாலம் வந்துவிட்டதென்று நினைத்து எழுந்து பெட்டியைப் பிறாண்ட ஆரம்பித்தது.

"மார்வா, கேக்குதா உனக்கு?" என்றார் அப்பா.

"உன் காதுக்குக் கேக்கறதெல்லாம் எனக்குக் கேக்காது, ராய்ஸ். ரோட்டைப் பாரு."

"கரகரன்னு வருது. நிக்குது. மறுபடி வருது. சக்கரத்துல பேரிங் சாகும்போது இப்படித்தான் பண்ணும்."

நான் சத்தத்தை மறைக்க ஆலயப் பாடல்களைப் பாட ஆரம்பித்தேன். நான்காவது பாட்டில் அம்மா திரும்பிப் பார்த்தாள். "என்னடி திடீர்னு பக்தி?" "பாடட்டும் விடு," என்றார் அப்பா. "ஆனா கண்ணு, ஒரே ஒரு நிமிஷம் நிறுத்து, அப்பாவுக்கு பேரிங் கேக்கணும்." அதற்குப் பிறகு முப்பது மைல் அவர் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார். புருவத்தில் பனி கட்டிவிட்டது. வழியில் ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்திக் காட்டினார். அந்த ஆள் கீழே படுத்துக் கேட்டுவிட்டு, "சார், பேரிங்னா ஓடும்போதுதான் சத்தம் வரும். இது நின்னுக்கிட்டிருக்கும்போதும் வருதே," என்றான். "அப்போ இது பேரிங்கைவிட மோசம்," என்றார் அப்பா, உண்மையாகவே பயந்துபோய்.

அன்றிரவு சீடர் சிட்டியில் தங்கினோம். எல்லோரும் தூங்கியதும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது, சூடு இருப்பதால்தானே எழுந்திருக்கிறது என்று. எழுந்து போய் ஹீட்டர் லிவரைக் கீழே இறக்கிவிட்டேன். பிறாண்டல் நின்றது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன். காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. மதியம் வெயில் பட்டதும் வந்தது, ஆனால் குழாய் வழியாக வரவில்லை, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து வந்தது. மாவு மூட்டை, அம்மாவின் நல்ல காலணி, என்னுடைய ஆறு வார வீட்டுப்பாடம் மூன்றும் நனைந்தன. அப்பா லிவரின் முன்னால் போய் நின்றார்.

"நான் வெச்சேனே, மார்வா. அறுபதுல வெச்சேன்."

"வெச்சதா நெனச்சிருப்பே. தூக்கக் கலக்கம்."

"இல்ல, வெச்சேன்."

உங்கள் அண்ணனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தோரு வருடம் சுரங்கத்தில் ஆட்கள் போகும் கூண்டை ஏற்றி இறக்கியவர், கீழிருந்து சைகையாக அடிக்கும் மணியின் எண்ணிக்கையை ஒருநாளும் தப்பாகக் கேட்டதில்லை என்று எல்லோரிடமும் சொல்வார். அம்மா அப்போது என் பக்கம் திரும்பி, "டெசா, நீ ஏதாவது தொட்டியா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "அவளை இழுக்காதே. தொட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா."

பீவர்வரை மெதுவாக வந்து ஒரு பழுதுபார்க்கும் இடத்தில் நிறுத்தினோம். ஆர்லோ என்ற மெக்கானிக் குழாயையும் பம்பையும் மாற்றிக் கொடுத்தார். திங்கள் இரவு ஆமை மறுபடியும் பிறாண்டியது, அப்பா வேறு விழித்தே கிடந்தார், "கேக்குது, மார்வா, வண்டி நிக்குது, இருந்தும் கேக்குது" என்று மெல்லச் சொன்னார், அம்மா "தூங்கு ராய்ஸ்" என்று அவர் தலையைத் தடவினாள், குழந்தையைத் தடவுவதுபோல. அவர் கண்ணயர்ந்ததும் நான் மறுபடியும் லிவரை இறக்கினேன். ஆமாம் அத்தை, இரண்டாவது முறை. முதல் முறை முட்டாள்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், எழுத வரவில்லை. காலையில் புதுப் பம்பும் விரிசல் விட்டிருந்தது. "சார், ராத்திரி ஹீட்டர் போடணும்," என்று ஆர்லோ தன்மையாகச் சொன்னார். அப்பா "ஆமா," என்றார். வாதாடவே இல்லை.

அதிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. அம்மா லிவருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். அப்பா ஹீட்டர் போட்டதும் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். வண்டிச் சாவியை அவராகவே அம்மாவிடம் கொடுத்துவிட்டார். சின்னக் காரைத் தவிர எதையும் ஓட்டாத அம்மா நேற்று அந்த முற்றத்தில் மேபெலை ஓட்டிப் பழகி, ஆர்லோ அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களை எல்லாம் சரித்துவிட்டாள். ஒரு டயர் உருண்டு சாலையைத் தாண்டித் தேவாலய வாசல்வரை போனது, ஆர்லோ தொப்பி பறக்க அதன் பின்னால் ஓடினார். நான் சிரித்தேன். அப்பா கத்துவார் என்று காத்திருந்தேன். "பரவாயில்ல, மார்வா. பழகிடும்," என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ராத்திரி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது. முதல்ல இல்லாத சத்தமெல்லாம் கேட்டுச்சு." அவர்கள் படுக்கைக்கும் எனக்கும் நடுவில் ஒரு திரைதான்.

இன்று மதியம் ஓர் அட்டையைக் கொண்டுவந்து, "டெஸ், உன் எழுத்துதான் தூரத்திலிருந்தும் தெரியும்," என்று என்னிடம் கொடுத்தார். "விற்பனைக்கு" என்று சிவப்பில் பட்டையாக எழுதிக் கொடுத்தேன். அது இப்போது மேபெலின் முன் கண்ணாடியில் இருக்கிறது.

அதனால் அத்தை, உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் பிக்கப்பில் வந்தால் எட்டு மணி நேரம். நாங்கள் மறந்து வைத்துவிட்டு வந்த இரும்புச் சட்டியைக் கொடுக்க வந்ததாகச் சொல்லுங்கள். யாரும் பார்க்காதபோது விளக்குப் பெட்டியை உங்கள் வண்டிக்கு மாற்றிவிடுகிறேன். ஆமையை அதே வளையில் விட வேண்டும், வரைபடத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், வாசல் தெற்கே பார்த்திருக்கும். அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. இன்றிரவு அம்மாவும் அப்பாவும் படுத்ததும் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, காபிக்காக அம்மா வைத்திருந்த தண்ணீரைக் கொஞ்சம் இங்கே ஊற்றினேன், தலையைத் தாழ்த்தி ரொம்ப நேரம் குடித்தது. அதற்கு நான் பெயர் வைக்கவில்லை, வைத்தால் திருடியது உறுதியாகிவிடும். அப்புறம் இன்னொன்று. உங்கள் டிரெய்லரிலும் ஹீட்டர் லிவர் தானாகவே கீழே விழுகிறது, இந்த ரகம் எல்லாமே அப்படித்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார். அப்புறம் எல்லாம் பழையபடி ஆகிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் முழங்காலுக்கும் பிக்கப்பின் டயர்களுக்கும் ஆண்டவர் பலம் தரட்டும். ஹப்பர்ட் தம்பதிக்கு என் அன்பைச் சொல்லுங்கள், அன்பை மட்டும்.

என்றும் உங்கள் பிரியமுள்ள,
டெசா

பி.கு. அத்தை, தபால்தலை ஒட்டும்போதுதான் யோசித்தேன். நாளை போட்டால் இது உங்களுக்குச் சனிக்கிழமைதான் கிடைக்கும். வண்டியைப் பார்க்க ஆள் நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருகிறார். அதனால் நீங்கள் வருவதில் பயனில்லை. லிவர் தானாக விழுகிறது என்று நீங்கள் சொன்னாலும், சத்தம்? அப்பா கேட்ட சத்தத்துக்கு என்ன சொல்வீர்கள்? நான் இதைத் தவிர வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன், இன்னும் ஐந்து நிமிடம் யோசித்தால்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"டெஸ், நீதானே உள்ளே? மெதுவாப் பேசு, அம்மா தூங்கறா. தாள்ல என் கையெழுத்து இருக்கு, ஆனா போட்டதா ஞாபகம் இல்ல கண்ணு. லிவரை நிஜமாவே ஏத்தினேனான்னு வந்து பாத்துச் சொல்றியா? அம்மாகிட்ட மறுபடி கேக்க வெக்கமா இருக்கு."

ஆமையைத் தூக்கிக்கொண்டேன். ஒரு கையால்தான் எழுதுகிறேன். தாழ்ப்பாளை எடுக்கிறே