மாமனார் வைத்த மாதிரியே

"ஒரு தாளைக்கூட இடம் மாத்திடாதீங்க சார். அதுதான் ரொம்ப முக்கியம்" என்றார் தொலைபேசியில் ஆவணக் காப்பகத்து மேடம்.

மருந்துக்கடைக்காரர் அப்போதுதான் கடைசித் தாளை இடம் மாற்றிவிட்டு, இடுப்பில் கைவைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தினா என்ன ஆகும் மேடம்? சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்."

"எடுத்துக்க மாட்டோம். ஒருத்தர் தன் காகிதங்களை எப்படி வச்சிருந்தாரோ, அதுதான் சார் அவர் மனசு. நீங்க சனிக்கிழமை அனுப்பின போட்டோவைப் பாத்து எங்க இயக்குநரே அசந்துட்டார். பியானோ மேல ஒரு குவியல், ஜன்னலோரம் ஒண்ணு, தரையில ஏழு. என்ன ஒரு சுதந்திரம்! வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரேன். படத்துல இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

"இருக்கும் மேடம்" என்றார் அவர். அந்தக் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

அது காலமான அவருடைய மாமனாரின் அறை. நாற்பது வருடம் கொயர் மாஸ்டர், அதாவது சேர்ந்திசைக் குழுவின் வாத்தியார். வாயைத் திறக்கத் தெரிந்த யாரையும் பாடவைத்துவிடுவார் என்று பெயர். தோற்றது ஒரே ஒருவரிடம். கல்யாணத்தன்று வாழ்த்துப் பாட்டில் மாப்பிள்ளையும் ஆசையாகச் சேர்ந்துகொள்ள, மாஸ்டர் இரண்டாவது வரியிலேயே குழுவை நிறுத்திவிட்டு, "நீங்க கை தட்டுங்க மாப்பிள்ளை, அது போதும்" என்றார். அன்றிலிருந்து மாப்பிள்ளை கைதான் தட்டிக்கொண்டிருந்தார்.

பாடமெல்லாம் கீழே கூடத்தில். மாடி அறைக்குள் மகளைத் தவிர யாரும் நுழைந்ததில்லை. இப்போது மாஸ்டர் இருந்த வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மகளும் மாப்பிள்ளையும் இருக்கும் வீட்டிலோ ஒரு முக்காலி போடவும் இடமில்லை. "அப்பா எழுதினது பழைய பேப்பர் கடைக்குப் போகக்கூடாதுங்க" என்று மனைவி அழுதாள். காப்பகத்துக்குக் கடிதம் எழுதியதும் அவள்தான். பிறகு சித்திக்கு முழங்கால் ஆபரேஷன் என்று வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது, "அப்பா ரூமுக்குள்ள போகாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

மறுநாளே காப்பகம் படம் கேட்டது. போகாமல் இருக்க முடியுமா? போனார், பார்த்தார், திடுக்கிட்டார். நான்கு தட்டுள்ள அலமாரி காலியாக நிற்க, காகிதமெல்லாம் தரையில் கிடந்தது. பாவம், இதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை என்று அவருக்கு மனம் இளகிவிட்டது. படத்தை அனுப்பிய கையோடு வேட்டியை மடித்துக் கட்டினார். மருந்துகளைத் தேதி பார்த்து அடுக்கிப் பழகிய கை. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று குரலுக்கு ஒரு தட்டு. தட்டுக்குள் வருட வரிசை. எல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் வந்து பார்த்தால் பூரித்துப்போவாள் என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது மேடத்தின் போனை வைத்துவிட்டு அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கெடுத்துவிட்டு எந்த முகத்தோடு அவள்முன் நிற்பது? குப்பையாக்குவது பெரிய வித்தையா என்ன, ஆக்கிவிட்டால் போயிற்று என்று தீர்மானித்தார்.

வித்தைதான் என்று அரை மணியில் தெரிந்துவிட்டது.

படத்தில் தெரிந்தது ஒன்பது குவியல்களின் மேல்தாள்கள் மட்டுமே. அடியில் இருந்தவை? துப்பறிய உட்கார்ந்தார். பல தாள்களில் தேநீர்க் கறை இருந்தது. ஒரு தாளில் ஊறியது அடுத்த தாளிலும் ஊறியிருக்கும் அல்லவா? கறையோடு கறையைப் பொருத்தினால் பழைய வரிசை கிடைத்துவிடும். பொருத்தினார். ஒவ்வொரு கறையும் அச்சாகப் பொருந்தியது. ஆனால் அவர் அலமாரியில் அடுக்கிய அதே வரிசையில் பொருந்தியது.

"சே, என்ன ஒரு தற்செயல்!" என்று தலையில் அடித்துக்கொண்டு, அத்தனையையும் சீட்டுக்கட்டுப்போல் கலைத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, அப்பா ரூமுக்குள்ள போனீங்களா?"

"சேச்சே. நான் எதுக்கும்மா அங்க போறேன்?"

"அப்ப சரி" என்றாள். ஏனோ நிம்மதியாக மூச்சு விட்டாள். இவரும் விட்டார்.

போனை வைத்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குவியல்களுக்கு நடுவே பழைய உறைகள், மின்கட்டண ரசீதுகள், தொண்டை மிட்டாய்த் தாள்கள்! ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்த சுறுசுறுப்பில் அவற்றை ஒரு பையில் கட்டி, எங்கே போகக்கூடாது என்று மனைவி அழுதாளோ அங்கேயே போட்டுவிட்டிருந்தார். பழைய பேப்பர் கடைக்கு ஓடினார்.

"அண்ணே, முந்தாநாள் ஒரு பை போட்டேனே..."

"பையைப் பிரிச்சுக் கொட்டிட்டேனே சார். எது உங்களுது, எது ஊராருதுன்னு நான் எங்க கண்டேன்? மூணு மூட்டை கிடக்கு. மூணையும் தூக்கிட்டுப் போங்க, இடமாவது காலியாகும்."

மூன்றையும் தூக்கிவந்தார். யாரோ ஒருவரின் நாய்த் தடுப்பூசி அட்டை, எவருடையதோ சைக்கிள் உத்தரவாதச் சீட்டு எல்லாம் கூடவே வந்தன. தலைவலி வந்ததுதான் மிச்சம். எதை நீக்கினால் எது போகுமோ என்று பயந்து எதையும் நீக்கவில்லை.

அந்தக் கழிவுக்குள்தான், மூக்குக்கண்ணாடிக் கடையின் உறை ஒன்றில், ஒரு சின்ன அட்டை கிடைத்தது. மாஸ்டர் தன் மாணவர் ஒவ்வொருவருக்கும் எழுதிவைக்கும் குரல் குறிப்பு. மேலே 'மகள்' என்று இருந்தது. படித்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் முறை படிக்கும்போது கண் மறைத்தது. மனுஷர் என்னவெல்லாம் மனதில் வைத்திருந்திருக்கிறார்! மேடத்தின் விதியாவது ஒன்றாவது, இது மட்டும் குவியலுக்குப் போகாது என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை குவியல்கள் தயார். ஆனால் அடுக்கிய கையின் பழக்கம், ஓரங்கள் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன. மருந்து அட்டைப்பெட்டிகள் மாதிரியே இருந்தது. இயற்கையாகக் கலையட்டும் என்று மின்விசிறியை ஐந்தில் வைத்தார். இயற்கை கொஞ்சம் அதிகமாகவே ஒத்துழைத்தது. பாதித் தாள்கள் மாடிப்படி இறங்கின. மூன்று தாள்கள் ஜன்னல் வழியே தெருவுக்குப் போயின. "பிடிங்க, பிடிங்க! அது ஆல்ட்டோ!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு தாள் தரை துடைக்கும் வாளியில் விழுந்தது. அதை உலர்த்த இஸ்திரிப் பெட்டியை வைத்தார். அப்போது பார்த்து காப்பகத்திலிருந்து போன்.

"நாளைக்கு வரலாம்தானே சார்?"

"வாங்க மேடம், வாங்க" என்று முடித்துத் திரும்பினால், பாட்டின் நடுவில் பழுப்பாக ஒரு முக்கோணம்.

வியாழன் பதினோரு மணிக்கு மேடம் வந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, கையில் படத்தோடு, குவியல் குவியலாகச் சுற்றிவந்தார். மருந்துக்கடைக்காரர் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாய் வளர்த்தாரா?"

"வளர்த்தார்."

"அது பேரு?"

"பேரு வைக்கலை மேடம். விசிலடிச்சுத்தான் கூப்பிடுவார்."

"அதானே, சங்கீதக்காரர்!" என்று குறித்துக்கொண்டார். அடுத்துத் தீய்ந்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இவர் இஸ்திரிப் பெட்டியைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளினார்.

"பாருங்க சார். தன் பாட்டையே கொளுத்தப் பாத்திருக்கார். கடைசி நொடியில மனசு கேக்கலை." மேடத்தின் குரல் தழுதழுத்தது. "அலமாரி காலியா நிக்குது, கவனிச்சீங்களா? தட்டுக்குள்ள அடங்காத மனசு. சோகப் பாட்டுக்குப் பக்கத்துல கரண்ட் பில். இந்த ஒழுங்கை யாராலயும் போலியா உண்டாக்க முடியாது சார்."

"முடியாது மேடம். ரொம்பக் கஷ்டம்" என்றார் அவர், உளமார.

மேடம் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து பேனா மூடியை எடுத்துக் கொடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

படியில் காலடி கேட்டது. நாளை வரவேண்டிய மனைவி, கையில் பெட்டியோடு வாசலில் நின்றாள். அறையைப் பார்த்தவள் முகம் வெளிறிப்போயிற்று.

"அப்பா வச்ச மாதிரியே இருக்கும்மா. நான் தொடவே இல்லை" என்று முந்திக்கொண்டார். அவள் முகம் இன்னும் வெளிறவே, வேறு வழி தெரியாமல் சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்து நீட்டினார். "இதை மட்டும் உனக்குன்னு எடுத்து வச்சேன்."

அவள் படித்தாள். 'மகள். நல்ல குரல். உச்சிக்குப் போனால் நடுக்கம். குரலில் குறையில்லை, என்மேல் உள்ள பயம். வாத்தியார்தான் திருந்த வேண்டும்.'

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முதல் குவியலின் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் விம்மினாள். மேடம் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் தோளைத் தொட்டார். "அழாதீங்கம்மா. உங்கப்பா மனசு எப்படி இருந்ததோ, அப்படியே பத்திரமா பாத்துக்கறோம்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"மன்னிச்சிடுங்க மேடம், நாலு தட்டுல நாலு குரலுக்கும் வருஷ வரிசையா அப்பா ஒரு தாள் பிசகாம அடுக்கி வச்சிருந்தாரு. இந்த அட்டையைத் தேடி நான்தான் போன மாசம் எல்லாத்தையும் இழுத்துத் தரையில போட்டேன்!"