பல்வலியும் பூஜையும்

எலக்ட்ரிகல் என்ஜினியரிங் வாய்மொழித் தேர்வு புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு என்று டாக்டர் ஜெரார்டிடமிருந்து செய்தி வந்தபோது, அனுப்ரியா தெம்பனிஸ் போகும் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். சரி என்று பதில் போடுவதற்குள் அடுத்த செய்தி. அனுப்பியவர் பேராசிரியர் அருள்ஜோதி. இயற்பியல் வாய்மொழித் தேர்வு. புதன்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி.

"போச்சு!" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. பக்கத்தில் நின்ற சீனர், தன் காலை யாரோ மிதித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

அனுப்ரியா பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. என்ஜினியரிங், இயற்பியல் இரண்டையும் சேர்த்துப் படிக்கிறாள். ஒரே கற்பனை எண்ணை அங்கே 'ஜே' என்று எழுத வேண்டும், இங்கே 'ஐ' என்று எழுத வேண்டும். மாற்றி எழுதி இரண்டு பக்கமும் மார்க்கைப் பறிகொடுத்தவள். ஆனாலும் இரண்டின் மேலும் உயிர். இந்தத் தேர்வில் எதைக் கோட்டை விட்டாலும் அந்தப் பாடத்தைக் கைவிடச் சொல்லிவிடுவார்கள்.

"நேரா போய் ரெண்டும் ஒரே டைம்னு சொல்லிடு லா, அதுக்கா இவ்வளவு பயம்?" என்றான் ரித்திக், கூடப் படிப்பவன், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுபவன்.

"உனக்குத் தெரியாது. போன செமஸ்டர்ல ஒரு லேப்பை மாத்தச் சொன்னேன். 'ஓ, ஃபிசிக்ஸ்தான் உனக்கு முக்கியமா?'ன்னு ஜெரார்ட் சார் சிரிச்சாரு பாரு, அழுதிருந்தா கூடத் தேவலை. அருள்ஜோதி மேடம்கிட்ட போனா, 'என்ஜினியரிங்ல என்னம்மா இருக்கு, வெறும் கம்பி'ங்கறாங்க. ரெண்டு பேருமே, நான் கடைசியில அவங்க பக்கம்தான் வருவேன்னு நம்பிட்டிருக்காங்க."

"நீ என்ன சொல்லி வச்சிருக்க?"

"ரெண்டு பேர்கிட்டயும் ஆமான்னுதான்."

ரித்திக் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலமே அவள் ஜெரார்டின் அறைக்குப் போனாள், கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு.

"சார், பல்வலி. புதன்கிழமை ரெண்டு மணிக்குத்தான் டாக்டர் வரச் சொல்லியிருக்காரு."

ஜெரார்ட் பதறிப்போனார். "அடடா, பல்வலி பொல்லாததும்மா. கிராம்பு வச்சுப் பாத்தியா? நாலு மணிக்கு மாத்திடறேன்."

அவள் துள்ளிக் குதிக்காத குறையாக வெளியே வந்தாள். பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் கைப்பேசி துடித்தது. அருள்ஜோதி: 'அனு, புதன்கிழமை தேர்வு நாலு மணிக்கு.'

ஒரு துகளைத் தொட்டால் எங்கோ இருக்கும் இன்னொரு துகளும் சேர்ந்து ஆடும் என்று இயற்பியல் வகுப்பில் படித்தபோது அவள் முழுதாக நம்பவில்லை. இப்போது நம்பினாள்.

இந்த முறை அருள்ஜோதியிடம் ஓடினாள். "மேடம், புதன்கிழமை சாயங்காலம் பெரியம்மா சிராங்கூன் ரோட்டுக் கோயில்ல பூஜைக்குக் கொடுத்திருக்காங்க. நான் இல்லேன்னா மனசு கஷ்டப்படுவாங்க."

"சாமி காரியம், போய்ட்டு வா. வியாழன் காலையில வச்சுக்கலாம். எனக்கும் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வா. மாதா கோயிலுக்குப் போறவதான், ஆனா பொங்கல்னா விடமாட்டேன்" என்று அவள் தலையைத் தடவி அனுப்பினார். அனுப்ரியா கூசிப்போய் வெளியே வந்தாள். இவ்வளவு நல்லவரிடம் இவ்வளவு பெரிய பொய்யா?

அந்தக் குற்ற உணர்ச்சி ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. ஜெரார்டின் செய்தி வந்தது: 'பல்லைப் பிடுங்கினால் பேச முடியாது. அவசரப்படாதே. வியாழன் காலையில் வைத்துக்கொள்வோம்.'

புதன்கிழமை சாயங்காலம் அவளுக்குப் பல் டாக்டரும் இல்லை, பூஜையும் இல்லை, தேர்வும் இல்லை. "கவலைப்பட்டு என்ன ஆகப்போகுது, வா சாப்பிடலாம்" என்று ரித்திக் லிட்டில் இந்தியாவுக்கு இழுத்துப்போனான். கடையில் மட்டன் பிரியாணி சுடச்சுட வந்தது. அனுப்ரியா ஒரு நல்லி எலும்பைக் கடைவாயில் வைத்து, கண்ணை மூடி, பலங்கொண்ட மட்டும் கடித்தாள்.

"பல்லு எப்படிம்மா இருக்கு?"

கண்ணைத் திறந்தாள். எதிரே கை கழுவப் போய்க்கொண்டிருந்த ஜெரார்ட் நின்றார்.

"அ... அது இந்தப் பக்கம், சார். இது அந்தப் பக்கம்."

"பிடுங்கியாச்சா?"

"பாதி, சார்."

ரித்திக்குக்குப் புரை ஏறியது. ஜெரார்ட் அவன் முதுகைத் தட்டிக்கொடுக்கும் நேரத்தில் அனுப்ரியா கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்குப் பாய்ந்தாள். இரண்டு கடை தள்ளிப் பூக்கடை. அங்கே முல்லைச் சரத்தைக் கையில் வைத்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பினார். அருள்ஜோதி.

"அனு! பூஜை முடிஞ்சுதா?"

"இப்பத்தான் மேடம். அமோகமா நடந்துச்சு." மசாலா ஒட்டியிருந்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

அருள்ஜோதி மூக்கை உறிஞ்சினார். "என்ன பூஜைம்மா, பட்டை கிராம்பெல்லாம் மணக்குது?"

"அது... காவல் தெய்வம் மேடம்."

"பொங்கல்?"

"தீந்துபோச்சு மேடம். நல்ல கூட்டம்."

அருள்ஜோதி ஏதோ சொல்ல வாயெடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவள் கையில் ஒரு முழம் பூவைத் திணித்தார். "நாளைக்கு நல்லாப் பண்ணு, போ."

அதோடு கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டவள்தான், மறுபடி எடுக்கவில்லை. இன்னொரு செய்தியைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

வியாழன் காலை ஒரு திட்டத்தோடு வளாகத்துக்கு வந்தாள். முதலில் ஜெரார்டிடம் போய், தேர்வுக்காகச் செய்திருந்த மின்சுற்றை ஓடவிட்டுக் காட்டுவது. பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போவதாகச் சொல்லி, வளாகப் பேருந்தில் ஏறி, அருள்ஜோதியிடம் போய்ப் பாதித் தேர்வு. பிறகு அங்கேயும் வயிற்றுவலி. ரித்திக் இதைக் கேட்டுவிட்டு, "உனக்கு ஆம்புலன்ஸே வந்துடும் லா" என்றான்.

மின்சுற்றுப் பெட்டியை அணைத்துக்கொண்டு ஜெரார்டின் அறைக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. நேரமாகிவிட்டதோ? பேருந்தைப் பிடித்து அருள்ஜோதியின் அறைக்கு ஓடினாள். அதுவும் பூட்டியிருந்தது. ஒருவேளை ஜெரார்ட் இப்போது வந்திருப்பாரோ என்று திரும்பி வந்தாள். பூட்டு அப்படியே தொங்கியது. வழியில் பெட்டிக்குள் ஏதோ ஒரு கம்பி கழன்று கலகலவென்று உருள ஆரம்பித்திருந்தது.

அவளுக்குப் புரிந்துபோயிற்று. நேற்று நேரில் பார்த்தார்களே, பொய்யென்று தெரியாமலா இருக்கும்? இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். ஒன்றைக்கூட விட மனமில்லாமல் ஓடி, இரண்டையும் தொலைத்தாயிற்று. மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். அப்படியும் அழுகை வந்தது.

மேல்மாடியிலிருந்து ஒலி முகம்மது இறங்கி வந்தார். ஆய்வகக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர். கையில், பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிய கோப்பி ஆடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, ஏன் இங்க உக்காந்து அழற?"

"அண்ணே, எல்லாம் போச்சுண்ணே. ஜெரார்ட் சார் தேர்வும் அருள்ஜோதி மேடம் தேர்வும் ஒரே நேரத்துல. ஒருத்தர்கிட்ட இன்னொருத்தரைப் பத்திச் சொல்ல பயந்துக்கிட்டு, ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொன்னேன். எனக்கு ரெண்டும் வேணும்ணே, ஒண்ணை விட்டா இன்னொண்ணு படிக்கவே முடியாது. இப்ப அவங்க ரெண்டு பேரையுமே காணோம். எந்தத் தேர்வுக்கு ஓடறதுன்னு தெரியலை."

ஒலி முகம்மது கோப்பிப் பையைப் படியில் வைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ரெண்டு தேர்வு எங்கம்மா இருக்கு? ரெண்டையும் விடாமப் படிக்கிற புள்ளைய ரெண்டு பேரும் சேந்தேதான் கேக்கணும்னு, புருஷனும் பொண்டாட்டியும் காலையிலேர்ந்து மேல ஒரே ரூம்ல உனக்காகத்தான் உக்காந்திருக்காங்க!"