மன்னிப்பு வரியில் வரும் இருமல்

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் அவர் கிருபையால் சுகம். அங்கே நீயும் குடும்பமும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறேன். அனுதினமும் என்றால் எட்டு நாளாக. அதற்கு முந்தைய மூன்று வருடம் உன் பேச்சையே எடுக்காமல்தான் ஜெபித்தேன். கடிதத்தின் தொடக்கத்திலேயே பொய் வேண்டாம் என்று பார்க்கிறேன்.

விஷயம் இதுதான். எட்டு நாளைக்கு முன், ஞாயிறு பிரசங்கத்தில் போதகர் நேராக என் பக்கம் பார்த்து, “லைசென்ஸ மறக்காம புதுப்பிக்கிறீங்க, ஆண்டவருக்குக் குடுத்த வாக்க கடைசியா எப்போ புதுப்பிச்சீங்க?” என்று கேட்டுவிட்டார். முப்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது? முன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி தினமும் காலையில் என்னைப் புதிதாக ஒப்புக்கொடுத்து, நாளுக்கு ஒரு தீர்மானம் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் நாள் தீர்மானம், வேலைக்கு நடுவிலும் ஜெபம். புதிதாகச் சேர்ந்த தையல்கார அம்மா ரவுண்டானாவில் வண்டியைத் திருப்பும் நேரம் பார்த்து நான் கண்ணை மூடிக் கைகூப்ப, அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, “நான் ஓட்டுறது அவ்வளவு மோசமா சார்?” என்று அழுதுகொண்டே, வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி நடந்தே போய்விட்டார். இரண்டாம் நாள், யாரையும் அதட்டுவதில்லை. பல் டாக்டர் ஒருவருக்கு “பிரேக்” என்பதைத் தாலாட்டுகிற குரலில் சொன்னேன், அவர் “என்ன சார் சொன்னீங்க?” என்று என் பக்கம் திரும்ப, என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது என்பதைப் பொறுமை காட்டுகிற மும்முரத்தில் நான் மறந்துபோக, வண்டி மோதி நம் ஸ்கூல் பெயர்ப்பலகையே சாய்ந்தது. மூன்றாம் நாள், எல்லோரிடமும் நல்ல வார்த்தை. உன் அண்ணியிடம் காப்பி அருமை என்றேன். “என்ன பண்ணிட்டு வந்தீங்க? முதல்ல அத சொல்லுங்க” என்று ராத்திரி வரை விசாரணை நடந்தது.

இருந்தும் விடவில்லை. விடாததற்குக் காரணம் அப்பாதான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அச்சகத்துக்குக் கிளம்பும் முன் இரும்புக் கட்டிலோரம் நம் இரண்டு பேரையும் முழங்காலில் நிற்க வைப்பாரே? கூப்பிய விரல் நகமெல்லாம் மை. நீ மெத்தையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாய், ஆமென் வரும்போது நான் கிள்ளி எழுப்புவேன். தினமும் ஒரே ஜெபம்: “ஆண்டவரே, நேத்து நான் சரியில்ல. இன்னைக்கு இன்னொரு தடவ பாக்குறேன்.” ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள், “என் செருப்ப எவன்டா எடுத்தது?” என்று வீடே அதிரும். ஒரு நாள் நீ கேட்டாய், “தினமும் இதையே சொன்னா சாமிக்கு சலிச்சுப் போகாதாப்பா?” அதற்கு அவர், “எனக்கே சலிக்கல, அவருக்கு ஏன்டா சலிக்கும்?” என்றார். அந்தக் குளிர்ந்த தரையும் உன் குறட்டையும் மறுபடி கிடைக்குமானால் நான் ஸ்கூலையே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

இப்போது தனியாக முழங்காலில் நிற்கிறேன். பரமண்டல ஜெபம் பாதிவரை நன்றாகப் போகிறது. மற்றவர்களை மன்னிப்பது பற்றிய வரி வந்ததும் இருமல் பிடித்துக்கொள்கிறது. எட்டு நாளும் அதே வரி, அதே இருமல். உன் அண்ணி மூன்று பாட்டில் மருந்து வாங்கிவிட்டாள். நெஞ்சில் சளி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்கிறார். நெஞ்சில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று, அவருக்குப் பிடித்த பாட்டை நீ தப்பு ராகத்தில் எடுத்தாய். நான் “ராகம் தப்பு, நிறுத்துடா” என்றேன். நீ புத்தகத்தை மூடிவிட்டுப் போனவன்தான், அப்புறம் ஒரு பேச்சு இல்லை. சரி, போகட்டும். மூத்தவன் என்ற முறையில், தப்பாகப் பாடிய உன்னை இன்று முழு மனதோடு மன்னிக்கிறேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் பார்த்துக்கொள்வாராக. பிள்ளைகளின் உச்சியில் என் பங்குக்கு ஒரு முத்தம் வை. உன் வீட்டுக்காரிக்கு என் ஸ்தோத்திரம்.

என்றும் உன்,
அண்ணன்

பி.கு.: உறையில் போடுவதற்குள் உன் அண்ணி இதை வாங்கிப் படித்துவிட்டாள். “தம்பி என்ன தப்பு பண்ணாரு, நீங்க மன்னிக்கிறதுக்கு? மாமா எப்பவும் அந்த ராகத்துலதானே பாடுவாரு?” என்றாள். ஆகவே மேலே மன்னித்ததை அடித்துவிடு. உன் ராகம் சரி. அது எனக்கு அன்றைக்கே தெரியும். நீ வாயைத் திறந்ததும் அப்படியே அப்பா குரல். இன்னும் ஓர் அடி பாடியிருந்தால் அத்தனை பேர் முன்னால் கதறியிருப்பேன், அதற்குப் பயந்துதான் உன்னை அதட்டினேன். நீதான்டா என்னை மன்னிக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். அந்தப் பாட்டைக் கடைசி வரைக்கும் பாடு. குறுக்கே பேசமாட்டேன். அழுதால் மட்டும் கண்டுகொள்ளாதே.