மாப்பிள்ளைத் தட்டில் சுருட்டு

சமையல் தொழிலில் மனுஷியைச் சாய்ப்பது அடுப்பு இல்லை, டெலிபோன். அடுப்பை அணைத்தால் அணையும். டெலிபோன் அணையாது. விசேஷச் சாப்பாடு செய்து கொடுக்கும் தொழிலில் இத்தனை வருஷம் நின்று நான் கண்ட உண்மை இது ஒன்றுதான். (எழுதப் படிக்கத் தெரியாதவள் இதை எப்படி எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். நான் பேசுகிறேன், மருமகள் மாலதி தட்டுகிறாள். அவளைக் குறை சொல்லும் இடத்தில் மட்டும் அவள் விரல் மெதுவாகப் போகிறது.)

மலேசியாவில் ஈப்போ நகரத்தில் எங்கள் சமையல்கட்டுக்கு ஆர்டர் மூன்று வழியாக வரும். என் டெலிபோனுக்கு வரும். மகனுடைய வாட்ஸாப்புக்கு வரும். முன்பக்கக் கடையில் நேரிலும் வந்து சொல்வார்கள். மூன்றும் கடைசியில் என் தலைக்குள் வந்து விழும். அந்தத் தலையும் அலுத்துப்போனது. ஒருநாள் கோப்பெங்குக்குப் போக வேண்டிய இட்டிலி காம்பாருக்குப் போனது. பழியை வேன்மேல் போட்டேன்.

மாலதிக்குக் கம்பெனி வேலை. பல இடத்தில் சிதறிக் கிடக்கும் தகவலை ஒரே இடத்தில் சேர்த்து, இந்த நிமிஷம் நிலைமை என்ன என்று காட்டும் டேட்டா ஸ்டோர் கட்டுவாள். (என்ன வேலை என்று எனக்கே மூன்று வருஷம் கழித்துத்தான் புரிந்தது.)

“அத்தை, உங்க தலையில இருக்கிறத எல்லாம் ஒரு பெட்டியில போட்டுத் தாரேன்” என்றாள்.

“எடுத்துக்கோ தாயி. அப்படியே முட்டி வலியையும் எடுத்துக்கோ.”

வேலையை ஆரம்பிக்கும் முன் கேள்வி கேட்டாள். கேள்வி கேட்கும்போது நான் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். எல்லா வினையும் அங்கேதான்.

“ஆர்டர் குடுக்கிறவங்கள பேர வச்சு அடையாளம் வச்சுக்கலாமா?”

“பேரா? புந்தோங்ல நின்னு லெட்சுமின்னு கூப்பிட்டா பாதி சனம் திரும்பிப் பாக்கும்லா. போன் நம்பர வை.”

“ஒரு நம்பருக்கு ஒரு வீடுதானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அத்தை.”

“ஒரு வீடுதான்.” (யோசிக்கவில்லை.)

“அதே நம்பர்ல அதே நாளுக்கு மறுபடி ஏதாச்சும் வந்தா, பழசு போயிடும், புதுசு நிக்கும். சரியா?”

“போகட்டும். பழச வச்சுக்கிட்டு என்ன பண்ண?”

எனக்காகச் சுவரில் ஒரு திரையை மாட்டி, எழுத்துக்குப் பதில் படம் போட்டாள். ஊருக்கு ஒரு வீடு, கடிகாரம், இலை, ஆடு, மீன். மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு தட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். செத்தவருக்குப் பதினாறாம் நாள் படையலுக்கும், அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்து ஒரு தனித் தட்டு போகும். இரண்டுக்கும் வேறு வேறு படம் போடவா என்று கேட்டாள். தனித் தட்டு என்றால் தனித் தட்டுதானே, ஒரே நட்சத்திரம் போதும் என்றேன். என் வாயைச் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நாள் சொர்க்கம். ஆர்டர் வந்ததும் நானோ மகனோ படத்தை அழுத்தி வைப்போம். காலையில் திரையைப் பார்ப்பேன், கரண்டியை எடுப்பேன். தலை காலியாக, காற்றோட்டமாக இருந்தது.

பிறகு மணியம் அண்ணே வந்தார். நாங்கள் எல்லாம் ஒரே ரப்பர் தோட்டத்து ஆட்கள். தோட்டத்தை மூடி, பாமாயிலுக்குச் செம்பனை நட்டு, சனங்கள் கோப்பெங், காம்பார், சிலிம் ரிவர் என்று சிதறி வெகுகாலம் ஆகிறது. மணியம் அண்ணேயை மட்டும் யாராலும் மூட முடியவில்லை. பழைய தோட்டத்து ஆள் எந்த ஊரில் இருந்தாலும், நல்லது கெட்டது இரண்டுக்கும் அவர்தான் முன்னால் நிற்பார். சாப்பாடு சொல்வதும் அவர் நம்பரிலிருந்துதான். ஒரு நம்பருக்கு ஒரு வீடு என்றேனே, அந்த நம்பருக்குள் ஒரு தோட்டமே இருந்தது.

அவர் என்னைக் கூப்பிட்டு, கோப்பெங்கில் ஒரு நிச்சயதார்த்தம், சனிக்கிழமை மத்தியானம், சைவம், கேசரி, பாயசம், மாப்பிள்ளைத் தட்டு என்றார். ரெண்டு நாள் கழித்து மகனுடைய வாட்ஸாப்பில் இன்னொன்று போட்டார். செத்துப்போன எங்கள் தோட்டத்து முருகையாவுக்குப் பதினாறாம் நாள், அதே சனிக்கிழமை. ஆட்டுப் பிரட்டல், கருவாட்டுச் சம்பல், அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்துப் படையல் தட்டு. இடமும் நேரமும் அப்புறம் சொல்கிறேன் என்றார்.

பெட்டி என்ன செய்யும் பாவம். அதே நம்பர், அதே நாள். சைவத்தைத் தூக்கிவிட்டு ஆட்டை வைத்தது. இடமும் நேரமும் புதிதாக வரவில்லையா, பழைய கோப்பெங்கும் பழைய மத்தியானமும் அப்படியே நின்றுவிட்டன.

சனிக்கிழமை காலையில் திரையைப் பார்த்தேன். கோப்பெங் வீடு. ஆடு. கருவாடு. நட்சத்திரத் தட்டு, அதற்குள் ஸ்டவுட் பீர் போத்தல், சுருட்டு. அண்ணே கேசரி என்று சொன்ன ஞாபகம் எனக்கு நன்றாகவே இருந்தது. ஆனாலும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மாப்பிள்ளை கொஞ்சம் ஜாலியான ஆள் போல. பெண்ணை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, போத்தலுக்கு ஈரத்துணி சுற்றினேன். தலையைத்தான் கொடுத்துவிட்டேனே.

மாலதி வேன் ஓட்டினாள். பெட்டி வந்த பிறகு முதல் பெரிய விசேஷம் என்பதால் பெருமையோடு நானும் ஏறிக்கொண்டேன். கோப்பெங் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு, தட்டை நானே சுமந்துபோய் மாப்பிள்ளை முன்னால் வைத்து, துணியை விலக்கினேன்.

“உங்களுக்குப் பிடிச்சதெல்லாம் வச்சிருக்கேன் தம்பி.”

அந்தப் பையன் நெற்றி நிறைய விபூதி. போத்தலைப் பார்த்தான், சுருட்டைப் பார்த்தான், தன் அம்மாவைப் பார்த்தான்.

“என் மகன் டீகூட குடிக்க மாட்டான்” என்றார் அந்த அம்மா.

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். “குடிக்காத பையனுக்கு இதெல்லாம் பிடிக்கும்னு சமையக்காரங்களுக்கு எப்படிக்கா தெரியும்? எனக்கு இது சரியா படல.”

“எங்கள குடிகாரக் குடும்பம்னு சொல்றீங்களா? அப்ப மோதிரத்த எடுங்க, போலாம்.” மாப்பிள்ளையின் அம்மாவும் எழுந்துவிட்டார்.

உள்ளே பட்டுப்புடவையில் இருந்த பெண் அழ ஆரம்பித்தது எங்களுக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்து மணியம் அண்ணே வாசலில் வந்து நின்றார். தட்டைப் பார்த்தார். இனி நிலைமையைக் காப்பாற்றுவார் என்று நினைத்தேன்.

“என்ன தங்கச்சி, முருகையா படையல இங்க வச்சிருக்க?”

அதுவரைக்கும் குடிகார மாப்பிள்ளை என்ற ஒரு பிரச்சினைதான். இப்போது மாப்பிள்ளைக்கே பிணச்சோறு. மாலதி என் காதோரம், “அத்தை, ஒரு நம்பருக்கு ஒரு வீடுன்னு சொன்னீங்களே” என்றாள். சத்தம்கூட இல்லை, காற்றுதான் வந்தது. எனக்கு அப்படியே தரையில் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மூலையில் மாப்பிள்ளையின் தாத்தா உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். அவருக்கு ஓட்ஸ் கஞ்சி தனியாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

“படைச்சாச்சா?” என்றார்.

“இல்லைங்க மாமா, சாயங்காலம்தான்” என்றார் மணியம் அண்ணே.

“முருகையா இன்னும் தொடல. தொடாத வரைக்கும் அது வெறும் சாப்பாடுலா. படைச்சாத்தான் அவனுது.” தட்டைத் தன் பக்கம் இழுத்தார். “நானும் அவனும் ஒண்ணா ரப்பர் மரத்துல பால் வெட்டினவங்க. அவன் கோவிச்சுக்க மாட்டான். உக்காருங்க எல்லாரும், பிரட்டல் ஆறுது.”

“அப்பா, உங்களுக்குச் சர்க்கரை” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“கருவாட்டுல என்ன சர்க்கரை?”

போத்தல் திறக்கும் சத்தம் கேட்டது. பெரியவர் சாப்பிட ஆரம்பித்த பிறகு எந்த மாப்பிள்ளை வீடு எழுந்து போக முடியும்? கொஞ்ச நேரத்தில் இலை விழுந்தது. மாப்பிள்ளைக்குப் பக்கத்துக் கடையிலிருந்து தோசை வந்தது. மோதிரமும் மாறியது. கல்யாணத்துக்கும் நாங்கள்தான் சமைத்தோம், தாத்தா சொல்லி.

அன்றைக்கு மத்தியானமே திரும்பிப் போய், முருகையாவுக்கு எல்லாம் முதலிலிருந்து சமைத்தோம். நானும் மாலதியும் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம்.

மறுநாள் அவள் பெட்டியைப் பிரித்துக் கட்டினாள். இப்போது நம்பரோடு விசேஷத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் அடையாளம் வைக்கிறது. எதையும் அழிக்கும் முன் நம்மைக் கேட்கிறது. தனித் தட்டு என்றால் இரண்டு படம் வரும். ஒன்றில் ஆள் நிற்பார், இன்னொன்றில் மாலை போட்ட படம். சாப்பிடுகிறவர் இருக்கிறாரா, இல்லையா என்று முதலில் அழுத்தினால்தான் அடுத்த கேள்விக்கே போகும்.

அந்தக் கேள்வி இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் நான் கொஞ்சம் அசந்து கண்ணை மூடியிருந்தால் போதும், மகன் மாலதியிடம் கேட்கிறான்: “அம்மாவுக்குத் தட்டு வைக்கணும். எந்தப் படம் அழுத்த?”

“நிக்கிற ஆள அழுத்துடா” என்கிறேன் நான், கண்ணைத் திறக்காமலே. “நிக்கத்தான் முடியல.”