மூர்ச்சை டீச்சரம்மா

மயிலாப்பூரில் மூர்ச்சை டீச்சரம்மாவைப் போல இத்தனை தடவை விழுந்து எழுந்தவர் வேறு யாரும் கிடையாது. எழுதிவிட்டு, அதிகமாகச் சொல்லிவிட்டேனோ என்று அடித்தேன். யோசித்துப் பார்த்துத் திரும்பவும் எழுதியிருக்கிறேன். கிடையாதுதான்.

எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சுகாதாரமும் முதலுதவியும் அவர் பாடம். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. முதலுதவியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பரீட்சையோடு மறந்துவிடும் என்பது அவர் கட்சி. ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் மூர்ச்சை போட்டு விழுவார். தாழ்வாரத்தில் விழுவார், தையல் வகுப்பில் விழுவார். ஒருமுறை பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த துரைசானியின் காலடியில் விழுந்தார். துரைசானி நிஜமாகவே மயங்கிவிட்டாள். அன்று எங்களுக்கு இரண்டு நோயாளிகள்.

ஒரே ஓர் அடையாளம் உண்டு. விழுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுவார். கண்ணாடி கழன்றதும் நாங்கள் தலைப்பைச் செருகிக்கொண்டு ஓடுவோம். கூட்டத்தை விலக்க வேண்டும், காலை உயர்த்த வேண்டும், விசிற வேண்டும், வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கண்ணை மூடியபடியே அவர் எங்கள் தப்புகளைச் சொல்லிக்கொண்டிருப்பார். எழுந்து உட்கார்ந்ததும் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "கொஞ்சம் தாமதம்."

கடற்கரைக்கு அழைத்துப் போன அன்று மணலில் விழுந்தார். எங்களுக்கு முன்னால் ஒரு மீன்காரம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து, இடுப்பிலிருந்த இரும்புச் சாவியை டீச்சரம்மா கையில் திணித்தாள். டீச்சரம்மா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"சாவியெல்லாம் வைக்கப்படாது. தப்பு."

"இன்னாம்மா தப்பு? சாவி வெச்சேன், எய்ந்துகினே. அப்பால இன்னா பேசிக்கினு கீறே?"

டீச்சரம்மா புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் சிரித்தோம்.

எனக்கு மட்டும் அந்த வகுப்பு என்றால் பயம். எதையும் ஒருவரைக் கேட்காமல் செய்ய எனக்குத் தைரியம் வராது. என் முறை வரும்போது, விழுந்து கிடப்பவர் காதருகே குனிந்து, "டீச்சர், காலைத் தூக்கட்டுமா?" என்று கேட்பேன்.

"மூர்ச்சை போட்டவளையே கேக்கறயேடி," என்று கண்ணைத் திறக்காமலே பதில் வரும். பிறகு மற்றவர்களிடம், "இவ எல்லாம் சரியாப் பண்ணுவா. நான் செத்த பிற்பாடு."

படிப்பை முடித்துப் போகும் பெண்களுக்கு அவர் விடை கொடுப்பதும் இப்படித்தான். கடைசி நாள் விருந்தில் பேச எழுந்திருப்பார், பாதியில் விழுவார். எழுப்பினால்தான் டிபன். எங்கள் வருஷமும் அப்படியேதான்; கேசரியும் பஜ்ஜியும் தயாராக இருக்க, மாலையோடு எழுந்து நின்றார்.

"நீங்க போற ஆத்துல ஏதாவது ஒண்ணுன்னா, பக்கத்துல நான் இருக்க மாட்டேன். அப்போ..."

விழுந்தார்.

"டீச்சர், கேசரி ஆறிண்டிருக்கு, சீக்கிரம் எழுந்துக்கோங்கோ," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் முறை. வழக்கம்போலக் குனிந்து, "டீச்சர், காலைத் தூக்கட்டுமா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டேன். அப்போதுதான் தரையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது.

அதற்கப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. "நகருங்கோடி" என்று கத்தியது என் குரல்தானா என்று இன்றைக்கும் சந்தேகம். மாலையைக் கழற்றி, காலை நாற்காலியின்மேல் தூக்கி வைத்து, கேசரித் தட்டை மூடியிருந்த வாழையிலையால் விசிறினேன். யாரோ ஒருத்தி தண்ணீரை வாயருகே கொண்டு வந்தாள், தட்டிவிட்டேன்.

வெகுநேரம் போலத் தோன்றியது. கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"நீயா? அப்போ நான் செத்துப் போயாச்சா?"

நான் அழுதேன். "நடிப்புதான்டி, அசடே. கொஞ்சம் தாமதம்," என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். விரிசல் விட்ட கண்ணாடியையே மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தார்.

"பாதியில நிறுத்திட்டேளே டீச்சர், 'அப்போ'ன்னு. மீதி என்ன?"

"அதான் பண்ணிட்டியே," என்றார்.

அது நடிப்பா நிஜமா என்று எத்தனையோ தடவை மாற்றி மாற்றி நினைத்திருக்கிறேன். இப்போது மாம்பலத்தில் புதுக் குடித்தனம். சுற்றிலும் காலி மனை. டாக்டருக்கு வண்டி அனுப்ப வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுத்ததே சரிதானா என்று அரை மணி யோசிக்கிறவள் நான். போன மாதம் ஜுரத்தில் அவனுக்குக் கண் செருகி உடம்பு விறைத்துப்போயிற்று. இவர் ஆபீஸில். பக்கத்து வீட்டு மாமி இரும்புச் சாவியோடு ஓடி வந்தார். நான் வாய் திறந்தேன், கேட்பதற்கு. கேட்கத் தகுந்த ஆள் இல்லை. சாவியை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டையைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் விடாமல், ஈரத்துணியால் துடைத்தபடி காத்திருந்தேன்.

டாக்டர் வந்து சேர்வதற்கு முன்பே குழந்தை கண் விழித்து என்னைப் பார்த்தான். "நன்னாப் பண்ணினேடியம்மா," என்றார் மாமி. எனக்கு அது போதவில்லை. கொஞ்சம் தாமதம் என்று சொல்ல அங்கே ஒருவர் இருந்திருக்க வேண்டும்.