பதினேழு எல்போ

அன்புள்ள முசியோக்கா அண்ணனுக்கு மும்புவா எழுதுவது.

இந்த நேரத்தில் மின்னஞ்சல் அனுப்புவதற்கு மன்னித்துக்கொள். வயூவா இப்போதுதான் தூங்கினாள். கிசுமு வெயிலில் நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். நைரோபியில் ஜூலைக் குளிர் எலும்பைத் தொடுகிறது.

போன வாரம் ஒரு மின்சார ஷவர் மாட்டினோம். தண்ணீர் வேகமாக வந்தால்தான் அது சூடாக்குமாம். எங்களுக்கு வருவதோ மூக்கு ஒழுகுகிற மாதிரி. ஏழு மாதக் குழந்தையைப் பச்சைத் தண்ணீரில் நனைக்க முடியுமா? கெட்டிலில் காய்ச்சினால் இரண்டாவது கொதிப்பதற்குள் முதலாவது ஆறிவிடுகிறது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் கழுத்து மடிப்பெல்லாம் சிவந்துவிட்டது. குழாய்க்காரர் பராசா வந்து, குழாய் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, வானத்தைப் பார்த்து, "பிரஷர் வழியிலயே செத்துப்போச்சு, வயூவா அம்மா" என்று இரங்கல் தெரிவித்துவிட்டு டீ கேட்டார்.

அப்போதுதான் நீ வீடு கட்டும்போது சொன்னது நினைவுக்கு வந்தது: குழாயைத் திருப்புகிற வளைவு மூட்டு, அதாவது ஓர் எல்போ, அரை மீட்டர் குழாய்க்குச் சமம். படித்தவள் என்ற திமிரில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சுவரெல்லாம் தடவி எண்ணினேன். இந்த வீட்டில் தண்ணீர் எல்லா அறையையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் குளியலறைக்கு வருகிறது. பதினேழு எல்போ, எட்டரை மீட்டர். தொட்டி இருப்பதோ நாலு மீட்டர் உயரத்தில். கழித்தால் மைனஸ் நாலரை. அதாவது, எங்கள் ஷவர்தான் தொட்டிக்குத் தண்ணீர் அனுப்ப வேண்டும்.

கணக்குப் போட்ட தாளோடு வீட்டுக்காரர் கமாண்டேயிடம் போனேன். மற்ற மூன்று குடித்தனக்காரர்களும் பின்னால் வந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் கமாண்டேயைத் திட்டப் போகிறோம் என்றால் யாரும் வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார். "பராசா சொன்னா நம்பமாட்டேன்மா. மைனஸ் போட்டிருக்கியே, அது படிச்சவங்க கணக்கு" என்று இறங்கிவந்தார். நாளைக் காலை எட்டு மணிக்குத் தொட்டியை இறக்கி, அது நிற்கிற இரும்புத் தாங்கியை இரண்டு மீட்டர் உயர்த்த வெல்டிங் ஆட்கள் வருகிறார்கள். முடியும்வரை நாலு வீட்டுக்கும் தண்ணீர் கிடையாது. நியாயத்துக்காக எல்லோரும் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் வீட்டுக் குழாய்கள் என்றும் வற்றாதிருக்கட்டும்.

உன் தங்கை,
மும்புவா

பி.கு.: என் கணவர் இதைப் படித்துவிட்டு வெகுநேரம் காதைச் சொறிந்தார். "வாசல் வால்வை மே மாசமே முக்கால்வாசி மூடிட்டேனே. தண்ணி சத்தத்துல பாப்பா முழிச்சுக்கிறான்னு நீதானே சொன்னே?" போய்த் திறந்தார். ஷவரில் ஆவி பறக்கிறது. அது சரி, அரை மீட்டர் குழாய் என்றால் அரை மீட்டர் உயரம் என்றுதானே அர்த்தம்? இல்லையென்றால், எட்டு மணிக்குள் கமாண்டேயிடம் நான் என்ன சொல்வது? சீக்கிரம் பதில் போடு.