பால்கனி உங்கள் சைனஸுக்கு ஆகாது, சம்பந்தி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே என் வலது முட்டியைத் தவிர அனைவரும் நலம். அங்கே முட்டி உட்பட அனைத்தும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் மகனும் என் மகளும் தங்கள் கல்யாண நாளுக்கு நம் இரு வீட்டாரையும் மலைகளுக்கு நடுவே புகுந்திருக்கும் கடலில் போகும் கப்பலில் அனுப்பப்போவதும், "ரெண்டு கேபின் போட்டிருக்கோம், யாருக்கு எதுன்னு நீங்களே பேசிக்கோங்க" என்று நழுவிவிட்டதும் தாங்கள் அறிந்ததே. ஒன்று நடுக்கப்பலில், பால்கனியோடு. மற்றது வால்பக்கம், சமையற்கூடத்துக்கு மேலே, ஒரே ஒரு சன்னலோடு; சன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்குகிறது. பெண்ணைக் கொடுத்தவன் நல்லதை உங்களுக்குக் கொடுப்பதே மரியாதை. ஆகவே எது நல்லது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை நானே தலையில் போட்டுக்கொண்டேன்.

ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவனுக்கு எந்த சீட் குலுங்கும், எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்று யாராவது சொல்லித்தர வேண்டுமா? டிக்கெட் ஆபீசுக்குப் போய், மலை எந்தப் பக்கம் வரும் என்று அங்கிருந்த பெண்ணைக் கேட்டேன். "ரெண்டு பக்கமும் வரும் சார்" என்றாள். "ஓட்டறவர் எந்தப் பக்கம் உட்காருவார்?" என்றேன். "நடுவுல" என்றாள். எனக்கு அந்த ஓட்டுநர் மேலிருந்த நம்பிக்கையே போய்விட்டது. கப்பல் படத்தை வாங்கி வந்து கூடத்துத் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். என்ன அளவில் வரைந்தேனோ, கப்பலின் மூக்கு வாசலைத் தாண்டியது, பால்கனி குளியலறைக்குள் போய்விட்டது. சரி, ஆட்டத்தையாவது சோதிப்போம் என்று கட்டிலில் படுத்துக்கொண்டு, என் மச்சினனைக் கால்மாட்டைப் பிடித்துத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னேன். "அத்தான், கடல் இவ்வளவு ஆடுமா, இன்னும் ஆடுமா?" என்று கேட்டுக்கொண்டே அவன் வேகத்தைக் கூட்டினான். பல நாள் கோபம் போலிருக்கிறது. கட்டில் கால் முறிந்தது, என் முட்டி சுவரில் இடித்தது, கீழ்வீட்டுக்காரர் மேலே ஓடிவந்தார். "என்ன சார் நடக்குது?" என்றவரிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சம்பந்தி கேபின்ல நிக்கறீங்க" என்றேன். அன்றிலிருந்து மாடிப்படியில் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்.

இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியும் கையுமாக வந்தாள். "நீங்க ஆயுசு முழுக்க முன்கண்ணாடி வழியா மலையும் ஆறும் பார்த்தாச்சு. நான் சமையலறை சன்னல்ல எதிர்வீட்டுச் சுவரைத்தான் பார்த்தேன். கப்பல்லயும் எனக்குப் படகோட அடிப்பாகம்தானா?" என்றாள். முட்டியைப் பிடித்துக்கொண்டே போய் அந்தச் சன்னலில் எட்டிப் பார்த்தேன். அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தே பல வருடம் ஆகிறது, சம்பந்தி.

ஆகவே ஆற அமர யோசித்துச் சொல்கிறேன்: வால்பக்கக் கேபின்தான் சிறந்தது. அதைத் தங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன். பால்கனிக் காற்று தங்கள் சைனஸுக்கு ஆகாது. மேலும் தாங்கள் பல் டாக்டர். சின்ன இடத்தையே உற்றுப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் திடீரென்று அவ்வளவு பெரிய மலையைக் காட்டக் கூடாது. படகோ கைக்கெட்டும் தூரத்தில். கப்பலுக்கு ஒன்று என்றால் முதலில் ஏறுவது தாங்கள்தான்; நாங்கள் பால்கனியில் நின்று கையாட்டுவோம். கீழே சமையற்கூடம் இருப்பதால், இன்றைக்கு என்ன சாப்பாடு என்று படுத்தபடியே மோப்பம் பிடிக்கலாம். எங்களுக்கென்ன, எப்படியோ அந்தப் பால்கனியில் ஒண்டிக்கொள்கிறோம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசி; அடுத்த கல்யாண நாளுக்காவது ஒரே மாதிரி இரண்டு கேபினாகப் பார்க்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நலனை நினைத்தே தூக்கம் கெட்ட,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் என் மனைவி இதை வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சம்பந்தியம்மாவும் போன வாரமே போனில் பேசி முடித்துவிட்டார்களாம். பால்கனி அவர்கள் இருவருக்கும். எந்த நாற்காலி யாருக்கு என்பதுகூட முடிவாகிவிட்டது. படகுக் கேபினில் தாங்களும் நானும். அதன் சிறப்பாக நான் மேலே எழுதியது எதையும் தயவுசெய்து நம்ப வேண்டாம். மாப்பிள்ளையிடம் சொல்லி மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், அங்கே கட்டில்கள் ஒன்றின் மேல் ஒன்றாம், ஏணி வைத்து ஏற வேண்டுமாம். யோசித்துப் பார்த்ததில் மேல்கட்டில்தான் சிறந்தது. அதையும் தங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.